நடுத்துளை உள்ள எலும்பு ட்ரில்: வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் கழுவும் முறையும்

எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சையில் வழிகாட்டும் மெல்லிய கம்பியான கைட் வயர் முதலில் போகும், துளையிடும் பிட் அதன் மேல் ஏறி வரும். சி-ஆர்ம் என்ற எக்ஸ்-கதிர் இயந்திரத்தின் திரையில் வயர் சரியான இடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகு, நடுவில் துளையுள்ள பிட்டை நூலில் மணி கோப்பது போல அந்த வயரில் கோத்து எலும்பைத் துளைப்பார்கள். பிறகு அதே வயரில் நடுத்துளை ஸ்குரூவையும் ஏற்றுவார்கள். தொடை எலும்பின் கழுத்து, கணுக்கால், மணிக்கட்டின் ஸ்கஃபொயிட் என்ற சிறு எலும்பு என்று பல முறிவுகளுக்கு இதுவே வழக்கம். பிட்டில் துளை இருந்தால் மட்டும் வேலை நடக்காது. வயரின் வால் பின்பக்கமாக வெளியே வர, ட்ரில் கைப்பிடியிலும் சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்), கியர், மோட்டார், பின்மூடி எல்லாவற்றின் நடுவாலும் ஒரே நேர்த்துளை இருக்கவேண்டும். தியேட்டரில் இப்படித் துளையுள்ள பிட், கைப்பிடி இரண்டையும் 'கனுலேற்றட்' என்றே சொல்வார்கள்.

அந்தத் துளைதான் கருவியின் உயிர். கழுவுபவருக்குத் தலையிடியும் அதுதான். 160 மி.மீ. நீளமும் 1.35 மி.மீ. உள்விட்டமும் உள்ள பிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் நீளம் அதன் அகலத்தைப்போல 118 மடங்கு. முழுத் துளைக்குள்ளும் கொள்ளும் நீர் கால் மில்லிலீட்டர்கூட வராது. வேலை முடிந்ததும் அதற்குள் எலும்புத் துகள், இரத்தம், எலும்பின் உள்ளிருக்கும் மச்சைக் கொழுப்பு மூன்றும் சேர்ந்து ஈர அரிசிமா மாதிரி இளஞ்சிவப்பாக அடைந்திருக்கும். குளிரூட்டிய தியேட்டரில் ஒரு மணித்தியாலம் கிடந்தால் அது காய்ந்து சீமெந்தாகிவிடும். வெளிப்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. அதனால் ட்ரில்லுக்கு விலை கேட்கும் நாள் முதல் பொதி கட்டும் நேரம் வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருங்கள்: இந்தத் துளைக்குள் பிரஷ் போகுமா, நீர் போகுமா, ஆவி போகுமா?

வயர், பிட், ஸ்குரூ: ஒரே குடும்பம்

நடுத்துளை ஸ்குரூ செட்டில் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அதற்கென்றே ஒரு வயரும் ஒரு பிட்டும் உண்டு. பரவலாகப் புழங்கும் ஏ.ஓ. (எலும்பு முறிவுச் சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பு) அளவுகளில் 3.0 மி.மீ. தலையில்லா ஸ்குரூவுக்கு 1.1 மி.மீ. வயரும் 2.0 மி.மீ. பிட்டும். 4.0 மி.மீ. ஸ்குரூவுக்கு 1.25 மி.மீ. வயர், 2.7 மி.மீ. பிட். 7.3 மி.மீ. ஸ்குரூவுக்கு 2.8 மி.மீ. வயர், 5.0 மி.மீ. பிட். இடுப்பு முறிவுக்குப் போடும் டி.எச்.எஸ். (டைனமிக் ஹிப் ஸ்குரூ) செட்டில் வயர் 2.5 மி.மீ. வேறு சில கம்பனிகளின் பெரிய ஸ்குரூக்கள் 3.2 மி.மீ. வயரில் ஏறுபவை.

இந்த அளவுகளைக் கலக்கக்கூடாது. 3.2 மி.மீ. வயருக்குரிய பிட்டை 2.8 மி.மீ. வயரில் போட்டால் ஏறும், சுழலும், சரிபோலத் தோன்றும். ஆனால் பிட் ஆடும், துளை நடுவிலிருந்து விலகும், இடைவெளி முழுவதும் எலும்புத் துகள் நெருக்கமாக அடையும். சரியான சோடியில் வயருக்கும் பிட்டின் உட்சுவருக்கும் இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்கும். வயர் சிறிது வளைந்திருந்தாலும் அந்த இடைவெளி போய்விடும். பிறகு பிட் வயரைக் கடித்து அரைக்கும், அல்லது வயரையும் தன்னோடு உள்ளே தள்ளிக்கொண்டு போகும். இடுப்புக் குழிக்குள்ளோ மூட்டுக்குள்ளோ வயர் போய்ச் சேர்வது இப்படித்தான். எனவே கைட் வயர் ஒரு நோயாளிக்கு மட்டும். நிமிர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

குழாயாக இருப்பதால் பிட் பலவீனமாகாதா என்று கேட்பார்கள். 2.7 மி.மீ. தண்டின் நடுவே 1.35 மி.மீ. துளை போட்டால் முறுக்கைத் தாங்கும் வலு 6 சதவீதமளவுதான் குறையும். தண்டின் நடுப்பகுதி முறுக்கைத் தாங்குவதில் அதிகம் பங்கெடுப்பதில்லை. பலவீனம் இருப்பது சுருள் காடியில். காடி வெட்டப்பட்ட இடத்தில் அதன் அடி உட்துளையின் சுவரை நெருங்கிவிடுகிறது. முனையிலிருந்து காடி முடியும் இடம் வரை அந்த மெல்லிய சுவரில்தான் வெடிப்புத் தொடங்கும். பிட்டைப் பரிசோதிக்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியை முதலில் அங்கே கொண்டு போங்கள்.

கைப்பிடி வாங்கும்போது

கற்றலொக்கில் பார்க்க வேண்டிய முதல் எண் நடுத்துளையின் விட்டம். வேகமோ எடையோ அதற்குப் பிறகுதான். உங்கள் தியேட்டரில் புழங்கும் மிகத் தடித்த வயர் 3.2 மி.மீ. என்றால், சரியாக 3.2 மி.மீ. துளையுள்ள கைப்பிடி உங்களுக்கு ஆகாது. நான்கு மில்லிமீட்டர் அளவாவது தேவை. விற்பனையாளர் மாதிரியைக் கொண்டு வரும் நாளில் உண்மையான வயர் ஒன்றை எடுத்துச் சக்கிலிருந்து பின்வாய் வரை விட்டுப் பாருங்கள். இழுபடாமல், இடையில் எங்கும் தட்டாமல் அது வெளியே வரவேண்டும். உள்ளே படிக்கட்டுப் போல விட்டம் மாறும் இடம் இருந்தால் வயர் தட்டும்போதே தெரிந்துவிடும். அந்த விளிம்பில்தான் நாளைக்கு இரத்தம் தங்கும்.

அடுத்தது வேகம். துளையிடுவதற்கு நிமிடத்துக்கு 1000 முதல் 1200 சுற்றுவரை இருந்தால் போதும். மச்சைக் குழியை ரீமர் என்ற அகலிக்கும் கருவியால் அகலிக்க அதன் கால்பங்கு அளவான வேகமும் கூடிய முறுக்கு விசையும் வேண்டும். அதற்கு வேகம் குறைக்கும் தனித் தலை ஒன்று வரும். ரீமர் பூட்டும் வாய் ஹட்சனா ட்ரிங்கிளா என்று உங்களிடம் உள்ள ரீமரோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஓடர் கொடுங்கள். வேகம் கூடினால் வேலை சுருக்கென்று முடியும் என்ற எண்ணம் பிழையானது. எலும்பு சூடேறும். 47 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படுவதை எரிக்சன், ஆல்பிரெக்சன் என்ற சுவீடன் ஆய்வாளர்கள் 1983இல் முயலின் எலும்பில் காட்டினார்கள். நடுத்துளை பிட்டில் வயர் துளையை அடைத்துக்கொண்டிருப்பதால் நீர் உள்ளே போக வழியில்லை. வெளியிலிருந்து ஊற்றும் நீரும் கூரான முனையும்தான் சூட்டைக் குறைக்கும்.

சக்கில் சாவியால் இறுக்கும் ஜேக்கப்ஸ் வகையும், பிட்டை அமுக்கிப் பூட்டும் ஏ.ஓ. வகையும், வயரை விரலால் நெம்பிப் பிடிக்கும் வயர் ட்ரைவரும் உண்டு. மூன்றையும் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கேளுங்கள். கழற்ற முடியாத சக்கை விலை குறைவென்று வாங்கினால் ஒவ்வொரு நாளும் கழுவும் அறையில் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சேர்ஜர் அதற்குரியதா, பிளக் நம் சொக்கெற்றில் மாற்றி இல்லாமல் செருகுமா என்று பார்க்கவும். பற்றரி இரண்டு வகை. ஒன்று, ஆவியால் கிருமியழிக்கும் ஒட்டோகிளேவில் போடக்கூடியது. மற்றது போடக்கூடாதது. அதைக் கிருமியழித்த புனல் வழியாக, வெளியே நிற்கும் ஒருவர் கைப்பிடிக்குள் இறக்கிவிட, ஸ்க்ரப் செய்தவர் (கை கழுவிக் கிருமியற்ற உடை அணிந்தவர்) மூடியைப் பூட்டுவார். இரண்டாம் வகையின் பற்றரி நீண்ட காலம் உழைக்கும், ஆனால் இறக்கும் முறையை எல்லோரும் பழகியிருக்கவேண்டும். எந்த வகையானாலும் ஒரு ட்ரில்லுக்கு இரண்டு பற்றரியும் மேலதிகமாக ஒன்றும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பத்திரங்களில் இரண்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு ஒன்று. மற்றது ஐ.எஸ்.ஓ. 17664-1:2021 நியமப்படி தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கும் கழுவல், கிருமியழிப்பு வழிமுறை. எத்தனை பாகை, எத்தனை நிமிடம், எந்தக் கழுவுதிரவம், எந்த அளவுப் பிரஷ், நீரில் அமிழ்த்தலாமா என்பவை அதில் எழுத்தில் இருக்கவேண்டும். 'நோர்மலாக் கழுவினால் சரி' என்று வாய்ச்சொல்லாகச் சொல்பவரிடம் வாங்குவது நோயாளியின் எலும்பை வைத்துச் சூதாடுவதாகும். இந்தக் கட்டுரையில் வரும் முறைகளுக்கும் உங்கள் ட்ரில்லின் வழிமுறைக்கும் எங்காவது முரண் வந்தால் அந்த வழிமுறையையே பின்பற்றவும்.

கொழும்பு குவாரி வீதிக் கடைகளில் வாங்கும் சாதாரண ட்ரில்லை இதற்கு ஈடாக நினைக்க வேண்டாம். அதற்கு நடுத்துளை கிடையாது, காற்றுப் போகும் வாய்களால் உள்ளே இரத்தம் போகும், ஆவிச் சூட்டை அதன் பிளாஸ்டிக் தாங்காது.

கழுவல் தியேட்டரிலேயே தொடங்குகிறது

பிட் எலும்பிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும், ஸ்க்ரப் தாதி அந்தத் துளையின் அளவுக்குரிய ஸ்டைலெட்டை (அடைப்புத் தள்ளும் மெல்லிய கம்பி) விட்டு அடைப்பைத் தள்ளி, 20 மி.லீ. சிரிஞ்சால் ஒருமுறை பீச்சவேண்டும். அரை நிமிட வேலை. செய்யாவிட்டால் அடுத்த துளைக்கு வயரில் பிட் ஏறாது. ஏறினாலும் திரும்பி வரும்போது வயரையும் பிடுங்கிக்கொண்டு வரும். சத்திரசிகிச்சையின் நடுவில் வயரின் இடம் போய்விட்டால் எக்ஸ்-கதிர் எடுப்பதிலிருந்து எல்லாம் மறுபடி. பிட்டை வெளியே எடுக்கும்போதும் முன்சுழற்சியிலேயே எடுங்கள். பின்சுழற்சியில் துகள் காடியிலிருந்து வெளியேறாமல் உள்ளே இறுகும்.

எலும்பின் மேல் சலைன் ஊற்றுவது சரி. கருவியைச் சலைனில் ஊறவைப்பதும் துடைப்பதும் பிழை. சலைன் ஒரு லீட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. பிட் கடினமாகவும் கூராகவும் இருக்கவேண்டும் என்பதற்காகப் பயன்படுத்தப்படும் உருக்கு, ஸ்குரூவின் உருக்கைவிட எளிதில் துருப்பிடிக்கக்கூடியது. உப்புநீர் பட்டால் ஊசி குத்தியது போலப் புள்ளித்துரு விழும். அது முதலில் விழுவது யாரும் பார்க்காத உட்சுவரில். ஊறவைக்கவும் துடைக்கவும் கிருமியழித்த வெறும் நீர் போதும்.

வேலை முடிந்ததும் முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். கழுவும்போது விசை தவறி அமுங்கினால் பிரஷும் விரலும் சேர்ந்து சுற்றும். வயர்களை எண்ணிக் கூர்ப்பொருள் பெட்டியில் போடவும். சக்கில் பிட்டை விட்டபடி அனுப்ப வேண்டாம். கருவிகள் மேல் நொதிய நுரை அடித்து, அல்லது நீரில் நனைத்த துணியால் மூடி, மூடியுள்ள பெட்டியில் அரை மணித்தியாலத்துக்குள் சி.எஸ்.எஸ்.டி.க்கு (மருத்துவமனையின் மத்திய கிருமியழிப்புப் பிரிவு) போய்ச் சேரவேண்டும். இரவு நேர அவசர சிகிச்சைகளில் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். முன்சொன்ன சீமெந்து உருவாகும் நேரம் அதுதான்.

கைப்பிடியைக் கழுவுதல்

முகமூடி, முகத்தை மூடும் கண்ணாடித்தட்டு, முழங்கை வரை கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன் அனைத்தும் அணிந்த பிறகே தொடங்கவும். துளைக்குள் போகும் பிரஷ் மறுபக்கம் வெளியே வரும்போது தெறிக்கும்.

முதல் அலசல் குழாய் நீரில், சூடில்லாமல். 45 பாகைக்கு மேல் இரத்தப் புரதம் உறைந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். 'சுடுதண்ணியில் போட்டால் லேசாகக் கழரும்' என்பது சமையல் பாத்திரத்துக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

கைப்பிடியை நீரில் அமிழ்த்தக்கூடாது, ஒலியலையால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசொனிக் தொட்டியில் போடவே கூடாது. மோட்டாருக்குள் நீர் போனால் அடுத்த ஒட்டோகிளேவ் சுற்றில் அது ஆவியாகி, கிறீஸைக் கழுவி, பெயாரிங்கைத் துருவாக்கும். ட்ரில் அன்றே நின்றுவிடாது. மூன்று நான்கு வாரம் கழித்துச் சத்தம் போடும், பிறகு சூடேறும், பிறகு ஒருநாள் சிகிச்சையின் நடுவில் நிற்கும். பற்றரி வாய்க்குத் தயாரிப்பாளர் மூடி கொடுத்திருந்தால் அதைப் பூட்டி, சக் கீழ்நோக்கி இருக்கும்படி சரித்துப் பிடித்து, ஓடும் நீரில் வெளிப்பக்கத்தை அலசுங்கள்.

கழுவுதிரவம் பி.எச். 6 முதல் 9 வரையான நொதியத் திரவமாக இருக்கட்டும். கைப்பிடியின் அலுமினிய உறையைக் கடுங்காரம் வெளிறச் செய்து அரிக்கும். குளோரின் பிளீச் எந்தப் பாகத்துக்கும் ஆகாது. போத்தலில் 0.5 சதவீதம் என்று இருந்தால் 5 லீட்டர் நீருக்கு 25 மி.லீ. கண் அளவில் ஊற்றாமல் அளவுக் கிண்ணத்தால் அளந்து ஊற்றவும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது. அலசினாலும் போகாத படிவுதான் மிஞ்சும்.

இனி நடுத்துளை. நைலோன் பிரஷின் தடிப்பு துளையின் விட்டத்துக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கவேண்டும். மெல்லிய பிரஷ் சுவரைத் தொடாமலே போய் வரும். மிகத் தடித்ததன் மயிர் மடிந்து வழுக்கும். பிரஷைக் கழுவுதிரவத்தில் தோய்த்து முன்வாயால் விட்டு, பின்வாயால் தலை முழுதாக வெளியே வரும்வரை தள்ளுங்கள். அங்கேயே அதை அலசிய பிறகு திரும்ப இழுக்கவும். அலசாமல் இழுத்தால் தள்ளிய அழுக்கை நாமே திரும்ப உள்ளே கொண்டு போகிறோம். இப்படிக் குறைந்தது ஐந்து முறை, பிறகு பின்வாயிலிருந்து ஐந்து முறை. பிரஷ் தெளிவாக வரும்வரை எண்ணிக்கை கூடலாம், குறையக்கூடாது. அதன் பிறகு 50 மி.லீ. சிரிஞ்சால் மூன்று முறை பீச்சவும்.

சக்கின் தாடைகளைச் சாவியால் முழுதாகத் திறந்து ஒருமுறை, பாதி மூடி ஒருமுறை பிரஷ் போடுங்கள். தாடைகள் மூன்றும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். கிறீஸ் என்று விட்டுவிடுவார்கள். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், பழைய இரத்தம் என்றால் துணியில் செம்பழுப்பாக இறங்கும். விசையை ஒரு கையால் அமுக்கி அமுக்கி விட்டபடி அதன் ஓரத்தையும் தேய்க்கவும். விசைக்கும் உறைக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் கையுறையிலிருந்து வழிந்த இரத்தம் இருக்கும்.

கடைசி அலசல் உப்பு நீக்கிய நீரில், அல்லது ஆர்.ஓ. நீரில். கொழும்பின் குழாய்நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. வரட்சியில் ஆற்றின் நீர்மட்டம் இறங்கும்போது கடலின் உப்பு அந்தப் பக்கமாக ஏறி வருவதுண்டு. அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே அணையிடுவார்கள். அத்தகைய மாதங்களில் கருவிகளில் திடீரென்று பழுப்புப் புள்ளி தோன்றினால் கழுவுதிரவத்தை மாற்றுவதற்கு முன் நீரைச் சோதியுங்கள்.

பிட்டைக் கழுவுதல்

பிட்டை நீரில் அமிழ்த்தலாம் என்பதால் வேலை இலகு, ஆனால் துளை சிறிது. 30 முதல் 40 பாகைச் சூடுள்ள நொதியக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவிடவும். கிடையாக விட்டால் துளைக்குள் காற்று நிற்கும், கரைசல் போகாது. ஒரு முனையைச் சரித்து இறக்கினால் மறுமுனையால் குமிழி வெளியேறும். அப்படியும் நம்பாமல் சிரிஞ்சால் உள்ளே நிரப்பிவிடுங்கள். பிறகு நீர்மட்டத்துக்குக் கீழேயே வைத்து ஸ்டைலெட்டால் தள்ளி, பிரஷ் போட்டு, 20 மி.லீ. சிரிஞ்சால் மூன்று முறை பீச்சவும். கால் மில்லிலீட்டர் துளைக்கு ஒரு சிரிஞ்சு நீர் எண்பது தொண்ணூறு மடங்கு, ஆகவே நீர் போதாமை வராது. வர வேண்டியது விசை. சிரிஞ்சின் வாய் துளையில் இறுகப் பொருந்தாவிட்டால் நீர் வெளிப்பக்கமாக வழிந்து போகும், உள்ளே ஒன்றும் நடக்காது. மறுமுனையால் நீர் ஒரே கோடாகப் பாய்வதைக் கண்ணால் பாருங்கள். கோடு சிதறினால் அல்லது வளைந்தால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது.

அல்ட்ராசொனிக்கில் ஐந்து முதல் பத்து நிமிடம். துளை கரைசலால் நிறைந்திருந்தால்தான் அது உள்ளே வேலை செய்யும். பிட்டுகளைக் குவியலாகப் போட வேண்டாம், கூர்முனைகள் ஒன்றையொன்று கொத்தும். எடுத்த பிறகு மறுபடி பீச்சி, உப்பு நீக்கிய நீரில் அலசி, வடிகட்டிய அழுத்தக் காற்றால் ஊதவும். மறுமுனைக்கு நேரே ஒரு டிஷ்யூத் தாளைப் பிடியுங்கள். தாளில் ஈரப்புள்ளி விழுவது நிற்கும்வரை ஊத வேண்டும்.

உட்துளை உண்மையில் சுத்தமா என்று அறிய மலிவான சோதனை ஒன்று உண்டு. 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டைத் துளைக்குள் விட்டு மறுமுனையைப் பாருங்கள். இரத்தம் மிஞ்சியிருந்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரைத்தால் தொடக்கத்திலிருந்து மறுபடி கழுவவும். நுரைக்காவிட்டாலும் நீரால் நன்றாக அலசிய பிறகே உலர்த்துங்கள். எல்லாப் பிட்டுக்கும் தினமும் செய்ய முடியாவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்றையாவது எடுத்துச் செய்து பதிவேட்டில் எழுதி வையுங்கள். யார் கழுவியது என்று தேடுவதற்காக எழுதச் சொல்லவில்லை. எந்த அளவுப் பிட் அடிக்கடி தவறுகிறது என்பது அதில் தெரியும், பெரும்பாலும் பிரஷின் அளவுதான் பிழையாக இருக்கும்.

கழுவும் மேசைக்கு மேலே பிரஷ் அளவு, பிட் அளவு, எத்தனை முறை என்ற மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கொழும்பில் இந்த வேலை செய்பவர்களில் தமிழ் மட்டும் வாசிப்பவரும் சிங்களம் மட்டும் வாசிப்பவரும் ஒரே மேசையில் நிற்பார்கள். இரு மொழியிலும் எழுதாத அட்டை பாதிப்பேருக்கு வெறும் சுவர்.

பார்த்தல், எண்ணெய், ஓட்டிப் பார்த்தல்

உலர்ந்த பிட்டை ஒரு கண்ணாடித்தட்டில் உருட்டவும். துள்ளினால் வளைந்திருக்கிறது. வெட்டும் விளிம்பை விளக்குக்கு நேரே திருப்பிப் பாருங்கள். கூர் விளிம்பு ஒளியைத் திருப்பாது. வெள்ளைக் கோடாக மின்னினால் அது மழுங்கியிருக்கிறது. பிறகு புதிய, நேரான வயர் ஒன்றை உள்ளே விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்கவேண்டும்.

கைப்பிடிக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய், சொன்ன இடத்தில், சொன்ன துளிகள். சக்குக்கும் மற்ற அசையும் பாகங்களுக்கும் ஆவி ஊடுருவும், நீரில் கரையும் கருவி எண்ணெய். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் மோட்டார் வாகன எண்ணெயும் துரு கழற்றும் ஸ்பிரேயும் இங்கே கூடவே கூடாது. அந்தப் படலத்தின் அடியில் ஆவி போகாது, கிருமி பத்திரமாக இருக்கும். எண்ணெய் விட்ட பிறகு பற்றரி போட்டு அரை நிமிடம் முன்சுழற்சி, அரை நிமிடம் பின்சுழற்சி. வயர் ஒன்றைச் சக்கில் பிடித்துச் சுற்றவிட்டால் முனை வட்டம் போடாமல் ஒரு புள்ளியாக நிற்கவேண்டும். கை சுடும் அளவுக்குக் கைப்பிடி சூடானாலோ, பின்வாயால் நீர்த்துளி வந்தாலோ பொதி கட்டாமல் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவுக்கு அனுப்புங்கள்.

பொதியும் ஆவியும்

ஆவியால் கிருமியழிக்க ஆவி உலோகத்தைத் தொடவேண்டும். துளைக்குள் காற்று நின்றால் ஆவி தொடாது. வெறுமனே காற்றை ஆவியால் கீழே தள்ளும் சாதாரண ஒட்டோகிளேவ் இந்த ஒடுங்கிய துளைகளிலிருந்து காற்றை முழுதாக எடுக்காது. வெற்றிடம் இழுக்கும் வகைதான் வேண்டும். வழக்கமான சுற்று 134 பாகையில் குறைந்தது 3 நிமிடம், பல தயாரிப்பாளர்கள் 4 நிமிடமோ அதற்கு மேலோ கேட்பார்கள். உலரும் நேரம் அதற்குப் புறம்பு. நாளின் முதல் சுற்று, காற்று முழுதாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் பொவி-டிக் சோதனைக்கு. நடுத்துளைக் கருவிகள் போகும் சுற்றுகளுக்கு 1.5 மீற்றர் நீளம், 2 மி.மீ. உள்விட்டமுள்ள சுருள்குழாய்ச் சோதனையும் வையுங்கள். பொதியின் வெளியே ஒட்டும் நாடா நிறம் மாறியது பொதி இயந்திரத்துக்குள் போய் வந்ததை மட்டும் சொல்லும், துளைக்குள் நடந்ததைச் சொல்லாது.

தட்டில் கைப்பிடியைச் சக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வையுங்கள், தாடைகள் திறந்திருக்கட்டும், பின்மூடி கழன்றிருக்கட்டும், விசை பூட்டப்பட்டிருக்கட்டும். பிட்டுக்குள் ஸ்டைலெட்டை விட்டபடி பொதி கட்டுவது பலர் செய்யும் தவறு. முழுத் தட்டின் எடை 10 கிலோவைத் தாண்டினால் ஈரம் உலராது.

ஈரப்பொதி கொழும்பின் நிரந்தரப் பிரச்சினை. ஒட்டோகிளேவிலிருந்து வந்த தட்டை நேரே குளிரூட்டியின் கீழே வைத்தால் உள்ளே ஆவி நீராகும். கம்பி இறாக்கையில், காற்றுவாய்க்கு அப்பால், கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்ட பிறகே தொடவும். களஞ்சிய அறை 24 பாகைக்கும் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கும் மேலே போகக்கூடாது. மழை மாதங்களில் குளிரூட்டி மட்டும் போதாது, ஈரமுறிஞ்சி இயந்திரம் தேவைப்படும்.

சுற்றின் நடுவில் மின்சாரம் போய், ஜெனரேற்றர் வந்து, இயந்திரம் தொடர்ந்தாலும் அந்தச் சுற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பொதியைப் பிரித்து, புதிதாகச் சுற்றி, முழுச் சுற்று மறுபடி. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்துக்கு மட்டும் உரிய விதியாக இதைக் கருத வேண்டாம். ஒரு நிமிடத் தடங்கலுக்கும் இதுவேதான்.

ஒட்டோகிளேவில் போட்ட பற்றரி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே சேர்ஜரில் போகவேண்டும். சூட்டோடு போட்டால் கொள்ளளவு விரைவில் இறங்கும். பற்றரியை ஒருபோதும் நீரில் அலச வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

போமலின் வில்லை போட்ட பெட்டியில் ட்ரில்லை வைத்து எடுப்பது கிருமியழிப்பாகாது. துளைக்குள் வாயு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது, நச்சுப் படிவும் மிஞ்சும். 2 சதவீத குளுட்டரல்டிகைட்டில் 20 நிமிடம் முக்குவது உயர்மட்டத் தொற்றுநீக்கல் மட்டுமே. வித்திகளைக் கொல்ல அதற்குப் பத்து மணித்தியாலம் வேண்டும், கழுவாத இரத்தத்தை அது உலோகத்தில் நிலையாக ஒட்டவும் வைத்துவிடும்.

வெளியிலிருந்து வரும் செட்

ஒரு நாள் சிகிச்சைக்காக விற்பனை முகவர் கொண்டு வரும் ஸ்குரூ செட், பிட்டோடும் சில வேளை ட்ரில்லோடும் வரும். நேற்று அது எந்த மருத்துவமனையில் இருந்தது, அங்கே எப்படிக் கழுவினார்கள் என்பது பெட்டியைப் பார்த்துத் தெரியாது. பொதி கட்டி, நாடா ஒட்டி வந்தாலும் பிரித்து, முழுமையாகக் கழுவி, உங்கள் ஒட்டோகிளேவில் போடுங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் செட் சிகிச்சைக்கு முதல் நாளாவது சி.எஸ்.எஸ்.டி.யின் கையில் இருக்கவேண்டும். காலை எட்டு மணிப் பட்டியலுக்கு ஏழரைக்குச் செட்டைக் கொண்டு வந்து 'அவசரமாக ஒரு சுற்று' கேட்பவருக்கு முடியாது என்று சொல்லும் அதிகாரம் கழுவும் அறையின் பொறுப்பாளருக்கு எழுத்தில் இருக்கட்டும். பெட்டி வந்ததும் ஒவ்வொரு பிட்டிலும் வயரை விட்டுப் பாருங்கள். இறங்காத பிட்டையும், காடியில் கீறல் உள்ளதையும், உள்வாயில் துருப்புள்ளி உள்ளதையும் தனியே எடுத்து, அளவையும் குறையையும் எழுதிய சீட்டோடு முகவரிடம் அன்றே திருப்பிக் கொடுத்து, மாற்றுப் பிட் வந்த பிறகே செட்டை முழுமை என்று குறியுங்கள். உங்கள் சொந்தச் செட்டின் பிட்டுக்கும் இதே அளவுகோல்தான். மழுங்கியதைத் தீட்டி மறுபடி தட்டில் வைக்காமல், வளைத்தோ வெட்டியோ யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்து கூர்ப்பொருள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.